குரல் இல்லாத ஒன்பது பாட்டு

ஸ்டூடியோ இருந்த கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்கு. ஒரு முழத் தடிமனில் சுவர், ஜன்னல் என்ற பேச்சே கிடையாது, இறங்குவதற்கு வழுக்கும் படிகள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே போனதும் கையில் மயிர் சிலிர்த்துக்கொள்ளும். சுவருக்குள் அடைத்திருந்த பழைய தக்கையின் ஈர நாற்றமும், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் சூடேறி அதில் தூசி கருகும் வாசனையும் கலந்து அடிக்கும். அன்று முற்பகலில் கிட்டார்ப் பெட்டியைப் படிக்குப் படி இடித்துக்கொண்டே இறங்கியவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, பிழைப்பும் ஆறு கம்பியில், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அவன் கோபமாக இருந்தான். அன்றைக்கு மட்டும் என்று சொன்னால் அவனோடு வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள்.

கோபத்துக்குக் காரணம் அவனுடைய அண்ணன். அண்ணன் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கோபம் மட்டும் சாகவில்லை.

அண்ணன் பாடுகிறவன். மெட்டெல்லாம் கம்பியுடையது, சொற்கள் அண்ணனுடையவை. இருவரும் சேர்ந்து நடத்திய ராக் குழுவுக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது. அத்தனை வருஷமும் மேடையில் விளக்கு அண்ணன் மேல்தான் விழும். கம்பி விரல் தேய வாசித்துக் காதைக் கிழித்துவிட்டுக் கீழே இறங்கினால், வருகிறவர்கள் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: அண்ணன் எங்கே? செய்தித்தாளில் இரங்கல் செய்தி வந்தபோதும் குழுவின் உயிர் போய்விட்டது என்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு படம். அதில் அண்ணன் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான், ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை தெரிந்தது. அது கம்பியின் முழங்கை.

இந்த ஆல்பத்துக்கு ஒத்திகைப் பதிவு நடந்த கடைசி நாளில்தான் சண்டை முற்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்து அண்ணன் வழக்கம்போல, “கிட்டாரைக் கொஞ்சம் இறக்குங்க, பாட்டு கேக்கணும்” என்றான். கம்பி கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான். இந்த ஆல்பத்தில் பாட்டே கிடையாது, ஒன்பதும் வெறும் கிட்டார்தான், என் பெயரில்தான் வரும் என்றான். அண்ணன் சிரித்தான். குரல் இல்லாமல் உன்னை எவன்டா கேட்பான் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் படியேறிப் போனான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதிலைக் கம்பி தயார் செய்துகொண்டே இருந்தான். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, கம்பிகளை மாற்றும்போது எல்லாம் அதைத் தீட்டிக் கூராக்கினான். அதற்குள் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே அண்ணனுக்கு இதயம் நின்றுபோனது. சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போனவனுக்காக எப்படித் துக்கப்படுவது? கம்பி அழவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவை எட்டி உதைத்தான், அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஆல்பம் வெறும் ஆல்பம் இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது தன் கிட்டாரை, அதை மட்டும், நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒலிப்பதிவாளர் ஐம்பதைத் தாண்டிய பெண். கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள், பேச்சு குறைவு. குழுவின் எல்லா ஆல்பங்களையும் பதிவு செய்தவள் அவள்தான். கம்பி அவளை அக்கா என்பான். அன்றைக்கு அவன் போய் உட்கார்ந்ததும் முதல் பாட்டில் டிரம்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டாள். ஒத்திகையின்போதே டிரம்ஸ் நன்றாக விழுந்துவிட்டதால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே கிட்டாரை மட்டும் புதிதாக வாசிப்பதாகத் திட்டம்.

டிரம்ஸ் அதிர்ந்தது. அதற்கு அடியில், அடுத்த வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுவது போல, அண்ணன் பாடிக்கொண்டிருந்தான்.

கம்பிக்கு முகம் இறுகியது. அக்கா நிதானமாகச் சொன்னாள்: “பயப்படாத, இது லீக். உங்க அண்ணன் டிரம்ஸ் பக்கத்துல நின்னுதானே பாடினாரு. அந்த மைக்ல எல்லாம் அவர் குரலும் விழுந்திருக்கு.”

அதற்கும் காரணம் அண்ணனின் திமிர்தான். மற்றவர்கள் வாசிக்கும்போது பாட்டு எங்கே போகிறது என்று தெரிவதற்காக ஒருவர் சும்மா பாடிக்காட்டுவதை டிராக் பாடுவது என்பார்கள். அதைப் பாடுகிறவர் தனியாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் அவர் குரல் மற்ற மைக்குகளில் விழாது. அண்ணனைக் கூண்டுக்குள் போகச் சொன்னபோது நான் என்ன மிருகக்காட்சிசாலைக் குரங்கா என்று கேட்டுவிட்டு, டிரம்ஸை ஒட்டி நின்று தொண்டை கிழியப் பாடினான். அவனுடைய சொந்த மைக்கில் பதிவானதை அழித்துவிடலாம், டிரம்ஸின் மைக்குகளில் ஒட்டிக்கொண்டவனை எப்படி உரிப்பது?

ஒரு வழி இருந்தது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒலி என்பது அலை. ஒரு குரலின் அலையை அப்படியே தலைகீழாகப் புரட்டி அதே குரலின் மேல் போட்டால், ஒன்று மேடாகிற இடத்தில் மற்றது பள்ளமாகி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது அமைதி. அண்ணனின் சொந்த மைக்கில் பதிவான குரலை எடுத்துப் புரட்டி, டிரம்ஸில் கசிந்திருக்கும் குரலுக்கு நேராகப் போட வேண்டும்.

“அவரை வெளியே எடுக்கணும்னா அவரையே திரும்ப உள்ள விடணும், கம்பி. யோசிச்சுக்கோ” என்றாள் அக்கா.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எரிந்து விழுந்தான் கம்பி. அவள் வேலையைத் தொடங்கினாள். புரட்டிய குரலை மெல்ல மெல்ல ஏற்றினாள். டிரம்ஸுக்கு அடியில் பாடிக்கொண்டிருந்தவன் நீண்ட நடைவழியில் பின்பக்கமாகவே நடந்து போவது போல மெலிந்துகொண்டே போனான். கடைசியில் கேட்கவே இல்லை. கம்பி தொடையில் தட்டிக்கொண்டான். போடா போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

சரிபார்ப்பதற்காக அக்கா புரட்டிய குரலை மட்டும் தனியாக ஓடவிட்டாள். புரட்டினாலும் காதுக்கு அது சாதாரணக் குரல் போலத்தான் கேட்கும். பாட்டு முடிந்தது. கடைசிச் சொல்லுக்கு அப்புறம், கண்ணாடிக்கு மிக அருகே வாயை வைத்து ஊதுவது போல, ஒரு மூச்சு.

அக்கா அசல் பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். கடைசிச் சொல்லோடு அது முடிந்துவிட்டது.

அசலில் மூச்சு இல்லை.

மறுநாள் வந்து கேட்டபோது டிரம்ஸில் அண்ணன் திரும்ப வந்திருந்தான். முந்தின நாளைவிடத் தெளிவாகப் பாடினான். இயந்திரக் கோளாறு என்று கம்பி மேஜையைத் தட்டினான். பழைய டிரம்ஸையே தூக்கிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, அண்ணனைப் பார்த்தே இராத ஒரு புது டிரம்மரை வரவழைத்தான். கட்டுமஸ்தான ஆள், வாய் நிறையச் சிரிப்பு. காதில் ஹெட்போனை மாட்டி அதில் கிட்டாரை மட்டும் கேட்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் அடி நின்றது. ஆள் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் குச்சிகளைப் பைக்குள் போட்டான்.

ஹெட்போனில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கா கேட்டாள்.

“ஹெட்போனைக் கழட்டிட்டுத்தான் பாத்தேன்” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “பக்கத்துல நின்னு ஒருத்தர் பாடிக்கிட்டே இருந்தா நான் எப்படிங்க அடிக்கிறது?”

அவன் படியேறிப் போனான். பிறகு அக்கா அப்போது பதிவானதை ஓடவிட்டாள். புத்தம்புதிய டிரம்ஸ். செத்து ஐந்து மாதமானவன் அதற்குள்ளும் பாடிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். கம்பிக்கும் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அவன் சுபாவம் அப்படி, பயம் வந்தால் அதைக் கோபமாக மாற்றிவிடுவான். செத்த பிறகும் என் ஆல்பத்தில் உனக்கு இடம் வேண்டுமா என்று பல்லைக் கடித்தான். சரி, மைக்கே வேண்டாம் என்று முடிவு செய்தான். மைக் இருந்தால்தானே கசிவு? கிட்டாரிலிருந்து ஒயரை நேராகப் பதிவுக் கருவியில் செருகினான். நடுவில் காற்றே இல்லை. அறையில் வெடிகுண்டு வெடித்தாலும் அந்த ஒயருக்குள் அது போகாது.

நான்காவது பாட்டின் நீண்ட தனி வாசிப்பை ஒரே மூச்சில் வாசித்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. முடித்ததும் விரல் நுனி எரிந்தது. போட்டுக் கேட்டார்கள்.

முதல் சில நொடிகள் கிட்டார் மட்டும்.

பிறகு, அதன் முதுகுக்குப் பின்னால், குரல். இந்தத் தடவை அது பாடவில்லை.

“இறக்கு.”

அக்காவின் கைகள் மடியில் இருந்தன. அவள் முன்னால் இருந்த மேஜையில், கிட்டாரின் சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டை அடிவரை இறங்கிக் கிடந்தது. நான் தொடவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கம்பி எழுந்து பதிவு அறைக்குள் போனான். அங்கே விளக்குப் போடவில்லை. கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் டிரம்ஸின் தாம்பாளத் தகடுகள் மங்கலாகத் தெரிந்தன. தக்கை நாற்றம் மூக்கில் ஏறியது. அண்ணன் எப்போதும் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றான்.

“இருபது வருஷம் உன் முதுகைப் பாத்துக்கிட்டே வாசிச்சேன்டா” என்றான். வாழ்நாளில் அண்ணனை டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “நீ மூச்சு வாங்குற இடைவெளியில மட்டும்தான் என் கிட்டார் கேட்டுச்சு. அதையும் இறக்கச் சொன்ன. நான் போட்ட மெட்டு இல்லன்னா உன் வார்த்தையெல்லாம் வெறும் கத்தல். இதைக் கேக்கக்கூட நிக்காம செத்துட்ட. செத்துட்டா ஜெயிச்சுட்டதா அர்த்தமா?”

அத்தனை மாதம் தீட்டி வைத்திருந்த பதில் அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை.

இருட்டில் ஒரு தகடு லேசாக நடுங்கியது.

அவன் நெற்றி மேல், மிக அருகிலிருந்து, மூச்சு பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா எழுந்து நின்றிருந்தாள். அவன் வெளியே ஓடி வந்து, அவனைப் புரட்டிப் போடுங்க, ஒன்பது பாட்டிலேயும் போடுங்க என்று கத்தினான். இதற்கு மேல் என்னால் ஆகாது, நீயும் கிளம்பி வா என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். உதறியதில் அவளுக்கு மேஜை விளிம்பில் கை இடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

அவள் வேலை செய்வதைப் பல வருஷம் பார்த்தவன்தான் அவன், எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும். குப்பையில் போடச் சொன்ன ஒத்திகை டிரம்ஸையும், ஒத்திகைக் கிட்டாரையும், நான்காவது பாட்டுக்குப் புதிதாக வாசித்ததையும் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணனின் குரல் பதிவு எல்லாவற்றையும் திறந்தான். பாட்டு மட்டும் அல்ல, நடுவில் இருமியது, தண்ணீர் குடித்தது, சிரித்தது, கிட்டாரை இறக்கச் சொன்னது, எதையும் விடவில்லை. மொத்தத்தையும் புரட்டினான். அக்காவாக இருந்தால் குரல் கசிந்த தடத்தின் மேல் மட்டும், மருந்தைத் தொட்டு வைப்பது போல அளவாக வைப்பாள். கோபத்தில் இருந்தவனுக்கு அளவு ஏது? டிரம்ஸ் மேல் போட்டான். கிட்டார் மேலும் போட்டான். இனி ஒளிய ஒரு மூலைகூட இருக்கக் கூடாது என்று கட்டைகளை உச்சிவரை தள்ளிவிட்டு, ஓடவிட்டான்.

சுத்தம்.

முதல் பாட்டிலிருந்து ஒன்பதாவது வரை அசையாமல் உட்கார்ந்து கேட்டான். குரல் இல்லை, மூச்சு இல்லை, இறக்கு என்ற சொல் இல்லை. அவனுடைய கிட்டார் மட்டும் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பது போல ஒலித்துக்கொண்டிருந்தது. அண்ணன் செத்ததிலிருந்து அழாதவன் அப்போதுதான் அழுதான், அதுவும் சந்தோஷத்தில். கேட்டியா, போயிட்ட பாத்தியா என்று காலியான அறையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

அடுத்த நாள் மாலை அண்ணியை வரச்சொன்னான். அண்ணி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். அவள் மேலும் அவனுக்கு ஒரு கோபம் இருந்தது. சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் பாட்டு அவரோடு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போகவில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அக்காவிடமும் போனில் மன்னிப்புக் கேட்டு வரவழைத்திருந்தான். அவள் உட்கார மாட்டேன் என்று கதவோரமாகவே நின்றாள்.

ஓடவிட்டான். நான்காவது பாட்டு. அவன் உயிரைக் கொடுத்து வாசித்த பாட்டு.

கிட்டார் கிளம்பிய அந்த நொடியில் அண்ணியின் முகம் மாறியதைக் கம்பி பார்த்தான். அவள் கண் நிறைந்தது.  அவன் நெஞ்சு விம்மியது. இதற்காகத்தானே இருபது வருஷம் காத்திருந்தான். அண்ணி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“இதை எப்போ பாடினாரு தம்பி? என்கிட்ட சொல்லவே இல்லையே.”

கம்பிக்குப் புரியவில்லை. இதில் குரலே கிடையாது அண்ணி, கிட்டாரைக் கேளுங்கள் என்றான். அவள் தலையைச் சாய்த்து, ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டாள். அவன் காதில் கிட்டார் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“கிட்டாரா? கிட்டார் எங்க இருக்கு? அவர் தனியாத்தானே பாடறாரு.” அண்ணி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நீங்க இதுல வாசிக்கலையா தம்பி?”

கதவோரத்தில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கம்பி,” என்றாள், கிசுகிசுப்பாக. “புரட்டினதை எது மேல எல்லாம் போட்ட?”

 குரல், கிட்டார் இரண்டில் ஒன்று அழிந்திருந்தது. எது அழிந்தது என்பதை அவனுடைய காது மட்டும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.

பொய், எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறீர்கள் என்று கத்திக்கொண்டே அவன் கிட்டாரைத் தோளில் மாட்டினான். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். பதிவு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், கண்ணெதிரே வாசித்துக் காட்டுகிறேன், அப்போதும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒயரை ஆம்ப்பில் செருகி, சத்தத்தை முழுக்க ஏற்றி, கம்பிகளை அறுந்துவிடுகிற வேகத்தில் அடித்தான். ஐஸ் கிடங்கே அதிர்ந்ததாக அவனுக்குப் பட்டது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, ஐந்து மாதக் கோபத்தையும் இருபது வருஷக் கோபத்தையும் ஒன்றாகச் சேர்த்து வாசித்தான்.

அண்ணி நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்தாள். பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டி நின்றாள். அவள் பார்வை அவன் விரல்களில் இல்லை, இறுக மூடியிருந்த அவன் வாயில் இருந்தது.

“பாடாதீங்க தம்பி,” என்றாள். “அவரை மாதிரியே பாடாதீங்க. வேண்டாம்.”

அவன் சட்டென்று கையைக் கம்பிகளிலிருந்து எடுத்தான்.

ஆம்ப்பை அணைத்தான். அவன் காதில் அறை முழுக்க நிசப்தம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவன் கையை எடுத்து வெகுநேரம் ஆகியும் அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.